ராசாத்தாளின் குழாய் வண்டி

"தோட்டத்தப் பாக்கோணும்னா உன்னயக் கட்டல்ல வெச்சா தூக்கிட்டுப் போறது?" என்று தம்பி காளிச்சாமி கேட்டான். அவனோடு பத்திரம் கொண்டுவந்திருந்த இடத்தரகர் சிரித்தார். காளிச்சாமியின் மனைவி உள்ளே திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ராசாத்தாள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷத்துத் தை மாதம். அவளுக்கு வயது முப்பத்தாறு. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கக்கத்தில் கட்டையை ஊன்றி வாசல் வரைக்கும் நடப்பாள், அதற்கு மேல் முடியாது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் அவள் செய்த வேலையைத் தொண்டாமுத்தூர் சுற்றுவட்டாரம் முழுக்க அறியும். டவுனில் பெண்களுக்கென்று நடந்த ஆறு மாதப் பயிற்சியில் செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றிருந்தாள். கிணற்று மோட்டார் புகைந்து நின்றால் விவசாயிகள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அவளுடைய அறைக்குத்தான் வருவார்கள். "அம்மணி கட்டுன காயிலு நாலு கோடைக்கு நிக்கும்" என்பார்கள்.

அப்பா சாகும்போது அவளுக்கென்று வாய்க்கால் ஓரத்தில் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பை உயிலில் எழுதிவைத்தார். அவர் இருந்தவரை மாட்டு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார். அவர் போன மறுமாதமே காளிச்சாமி வண்டியையும் மாடுகளையும் விற்றுவிட்டான். வீட்டின் பின்பக்கத்திலிருந்து தோப்புக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். வழி முழுக்க வாய்க்கால் மேடு. ஆட்டோ போகாது, சைக்கிளில் அவளால் உட்கார முடியாது. ஐந்து வருஷமாக அவள் தன் தோப்பைப் பார்க்கவில்லை.

தம்பி என்ன சொன்னானோ அதுதான் தோப்பு. கிணறு வற்றிவிட்டது என்றான். வண்டு விழுந்து மரமெல்லாம் பட்டுப்போயிற்று என்றான். இப்போது, மனை பிரித்து சைட் போட ஆள் வந்திருக்கிறது, பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறான். காய்ந்த தோப்பை வைத்து என்ன செய்வது, வருகிறது வரட்டும் என்று அவளும் பேனாவை எடுத்தவள்தான். ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று அவள் கேட்டதற்குத்தான் அந்தக் கட்டில் பேச்சு.

வேறு எந்தப் பேச்சையும் அவள் பொறுத்திருப்பாள். பிணத்தைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். உயிரோடு உட்கார்ந்து உழைத்துச் சாப்பிடுகிறவளைப் பார்த்து, அதுவும் வெளியாள் முன்னால், கூடப் பிறந்தவன் கேட்கிற கேள்வியா அது? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சிக்கந்தர் வந்தார். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். மோட்டார்களிலிருந்து பிரித்துப் போட்ட கருகிய செம்புக் கம்பியை மாதம் ஒருமுறை வந்து அவளிடம் எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு மினி லாரியில் வந்திருந்தார். மலையடிவாரத்தில் ஒரு மில் முதலாளியின் பண்ணை வீட்டைக் காலி செய்கிறார்களாம். அங்கிருந்து ஏற்றிய சாமான்களுக்கு மேலே, நாலு சக்கரத்தோடு குழாய்க் கூடு ஒன்று தலைகீழாகக் கிடந்தது.

"அது என்னங்க பாய்?"

"கோ-கார்ட்டுங்கக்கா. மொதலாளி மகன் சின்ன வயசுல மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓட்டிட்டுத் திரிஞ்சதாம். அவரு இப்ப வெளிநாட்டுல இருக்காரு. என்ஜின் ஜாம், அடிக்குழாயி ஒடஞ்சு கெடக்குது. அறுத்துப் போட்டா நாப்பது கிலோ தேறுமுங்க."

"அறுக்காதீங்க. எறக்கி வெய்யுங்க."

"என்னத்துக்குங்க?"

"நான் ஓட்டோணும்."

சிக்கந்தர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு இருக்குதுங்களே, மாத்தோணும்" என்றார். அவளுடைய காலைப் பற்றிப் பேசாமல் பெடலைப் பற்றிப் பேசிய முதல் மனிதர் அவர்தான். அந்த மாதத்துச் செம்பையும் அடுத்த இரண்டு மாதத்துச் செம்பையும் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ராசாத்தாள் ஒரு முக்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் என்ஜின்தான், பின்னால் பூட்டி சங்கிலியில் இழுக்கும்படி செய்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி நாலு நாள் ஊற விட்டாள். ஐந்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினாள். அது 'முனுக்' என்று அசைந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலிண்டரை சிக்கந்தர் டவுனுக்குக் கொண்டுபோய் உள்ளே கடைந்து போர் போட்டு, புதுப் பிஸ்டனும் ரிங்கும் வாங்கிவந்தார். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மேக்னெட்டுக் காயில் கருகியிருந்தது. "புதுசு வாங்கிரலாமுங்களா?" என்றார் சிக்கந்தர். "ஏனுங்க பாய், காயிலு கட்டறவ ஊட்டுக்கு வெலைக்குக் காயிலு வாங்கியாறதா?" என்று சொல்லி, முடி போன்ற கம்பியை ஒரே மூச்சில் அவளே சுற்றி முடித்தாள்.

சிக்கந்தரின் மச்சான் பஷீர் கேஸ் வெல்டர். கேஸ் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து உடைந்த குழாய்க்கு உள்ளே ஒரு குழாயைச் செருகிப் பற்றவைத்தார். பிரேக் பெடல் இடது காலுக்கு மாறியது. கிளட்சும் ஆக்சிலேட்டரும் கைக்கு வந்தன. உதைத்துக் கிளப்பும் கிக்கருக்கு நீளமாக ஒரு குழாயை மாட்டி, உட்கார்ந்தபடியே கையால் இழுக்கும்படி செய்தார்கள். தரையோடு தரையாக இருந்த சீட்டில் அவளால் இறங்கி உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் எழ முடியாது. அதனால் ஒரு அடி உயர்த்தி, பிடித்து எழ ஒரு கம்பியும் வைத்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. முதன்முதலாக வாசலைச் சுற்றி ஓட்டியபோது, வளைவில் வண்டி சாய்ந்து அவளையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. சைலன்சர் முழங்கையைச் சுட்டது. பஷீர் ஓடிவந்து தூக்கினார். காளிச்சாமி கையில் காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தான். இறங்கிக்கூட வரவில்லை.

"இதுக்குத்தான் சொன்னேன். பொம்ம வண்டி ஓட்டற வயசாக்கா உனக்கு?"

மறுநாள் மாமனைக் கூட்டிக்கொண்டு வந்தான். மாமன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அம்மணி, பொம்பளப் புள்ளைக்கு இந்த ஏழரையெல்லாம் எதுக்கு? தம்பி பாத்துக்க மாட்டானா?" என்றார்.

"தம்பி தோப்பத்தானுங்க மாமா பாக்கறான். என்னயக் கூட்டிட்டுப் போயிக் காட்டுன்னா கட்டலு கேக்கறான்."

"அட, அவன் வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்."

"அப்ப நானும் வெளையாட்டுக்குத்தானுங்க வண்டி ஓட்டறேன்" என்றாள். மாமன் காப்பி குடிக்காமல் போய்விட்டார். ஊரெல்லாம் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேச்சு. துலுக்கர்களை வீட்டுக்குள் விட்டுக்கொண்டு என்ன வேலை என்றும் ஒரு பேச்சு. ஊரில் பாதிப் பேருக்குக் கிணறு இறைப்பது அவள் கட்டிய காயில். அவர்கள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததுதான் அவளுக்கு முழங்கைச் சூட்டைவிட அதிகமாக எரிந்தது.

சீட்டை இறக்க முடியாது. அப்படியானால் வண்டியை அகலப்படுத்த வேண்டும். பின்பக்கத்து அச்சை எடுத்துவிட்டு, லேத்தில் நீளமான அச்சு கடைந்து போட்டார்கள். இரண்டு பக்கமும் சக்கரம் ஐந்து விரற்கடை வெளியே வந்தது. அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டினார்கள். பஷீர் வேண்டுமென்றே வளைவில் முறுக்கிப் பார்த்தார். வண்டி மண்ணை வாரி இறைத்ததே தவிரச் சாயவில்லை.

பங்குனியில் ஒரு காலை நேரம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், கட்டையைச் சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு ராசாத்தாள் கிளம்பினாள். சிக்கந்தர் தன் மொபெட்டில் பின்னால் வந்தார். வாய்க்கால் மேட்டில் கல்லும் குழியுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரிலேயே போனாள். அப்பாவோடு மாட்டு வண்டியில் போனபோது வழியைப் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு குழியையும் அவளே தேர்ந்து விலக்கினாள். பயமாக இருந்தது. எங்கேயும் நிறுத்தலாம், எங்கேயும் திரும்பலாம் என்பது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தோப்புக்குள் நுழைந்து என்ஜினை நிறுத்தினாள்.

ஒரு மரம்கூடப் பட்டுப்போகவில்லை. குலை குலையாகக் காய் தொங்கியது. மரங்களுக்கு நடுவே வாழை இடுப்புயரத்துக்கு நின்றது. கிணற்றில் மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி வழிந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெண், மண்வெட்டியோடு வண்டியை வேடிக்கை பார்க்க வந்தாள். மாசாணியம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"இது யாரு தோப்பு கண்ணு?" என்று கேட்டாள் ராசாத்தாள்.

"காளிச்சாமியண்ணன் தோப்புங்க. நாலு வருசமா நாந்தான் தண்ணி கட்டறேன். நல்ல காப்புங்க. நீங்க வெலைக்கு கேக்க வந்தீங்களா?"

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டார். ராசாத்தாள் கட்டையை ஊன்றி இறங்கி, தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தாள். நாலு வருஷமாக இந்த மண்ணில் நிற்கிற ஒருத்திக்கு, ராசாத்தாள் என்று ஒரு பெண் இருப்பதே தெரியாது. தம்பி காயைத் திருடியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவளையே இல்லாமல் ஆக்கியிருந்தான்.

யாரோ சொல்லி, காளிச்சாமி அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தான்.

"அக்கா, இங்கெதுக்கு வந்தே? விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்கறது?"

"கெணறு வத்திப்போச்சுன்னியே காளிச்சாமி. வத்துன கெணத்துத் தண்ணி நெம்ப ருசியா இருக்குது."

அவன் முகம் கறுத்தது. "உனக்கு ஒரு நேரம் சோறு கொறச்சனா? நோம்பிக்கு நோம்பி சேல எடுத்துக் குடுக்கலியா?"

"என்ற தோப்புக் காய வித்து எனக்கே சேல எடுத்துக் குடுத்துப்போட்டு, நீ குடுத்ததுன்னு சொல்றியா? அப்பன் எனக்கு எழுதி வெச்சது சோத்துக்கில்லடா. நான் யாரு கையயும் பாக்காம இருக்கோணும்னு எழுதி வெச்சாரு. அதையும் நீயே தின்னுபோட்டு, கடசில மண்ணையும் சைட் போட்டு விக்கறதுக்குக் கையெழுத்து கேக்கறே. அதுக்கும் நான் தல ஆட்டத்தான் இருந்தேன். ஒருக்காப் பாத்தர்றேன்னு சொன்னதுக்குத்தானே நீ கட்டலு கேட்டே?"

மாசாணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காளிச்சாமி, "ஒரு பொட்டச்சி வண்டி ஓட்டிட்டு வந்து எங்கிட்டப் பேசறதா?" என்று மண்ணை உதைத்துவிட்டுப் போனான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாலுகா ஆபீசில் உயிலின் நகலைக் கொடுத்து மனு போட்டு, சர்வேயரை வரவழைத்து, தோப்பை அளந்து கல் நடவைத்தாள். கல் நட்ட மறுவாரம், பட்டப்பகலில், காளிச்சாமி நாலு ஆள் விட்டு இடுப்புயரத்து வாழை அத்தனையையும் வெட்டிச் சாய்த்தான். "மண்ணு அவளுது. வாழ நான் வெச்சது" என்றானாம். வளர்ந்து வருகிற வாழையை எந்த விவசாயியாவது வெட்டுவானா? அதைக் கேட்கவும் ஊரில் ஒருவர் வரவில்லை. குடும்பச் சண்டை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். காளிச்சாமி அவளுடைய அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தான். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

ராசாத்தாள் மாசாணியம்மாளையே தோப்புக்கு வைத்துக்கொண்டாள். காலையில் தோப்பு, பத்து மணிக்கு மேல் காயில் கட்டும் வேலை. மழைக்காலத்தில் மேட்டில் சக்கரம் சறுக்கியது. பஷீர் பின்சக்கரத்துக்கு ஆழமான பட்டன் வைத்த டயர் தேடிக்கொண்டு வந்து மாட்டினார்.

அடுத்த வருஷம் டவுனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்தார். அவளை ஏறி உட்காரச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்தார். அவள் தோப்பையும் உயிலையும் வெட்டிய வாழையையும் சொன்னாள், அவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வந்த தாளில் 'ஊனத்தை வென்ற கோவைப் பெண்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. தம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'குடும்பத்தாரின் ஊக்கத்தோடு' என்று மட்டும் ஒரு இடத்தில் இருந்தது.

அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்த சிக்கந்தர், "நல்லாத்தானுங்க எழுதியிருக்காரு" என்று மெதுவாகச் சொன்னார்.

"என்னங்க பாய் நல்லா எழுதியிருக்காரு? என்ற காலு எப்பவுங்க எங்கூடச் சண்ட போட்டுது, நான் அத செயிக்கறதுக்கு?"

அன்றே ஒரு போஸ்ட் கார்டு வாங்கிவரச் சொல்லி, நடந்தது இன்னது என்று நுணுக்கி நுணுக்கி இரண்டு பக்கமும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர்கள் போடவில்லை. இன்னொன்று எழுதினாள், அதையும் போடவில்லை. மூன்றாவது எழுத நேரமில்லாமல் போயிற்று. தோப்பில் காய் வெட்டு, மாசாணியம்மாளுக்குக் காய்ச்சல், ஆள்களுக்கு டீ கொண்டுபோக வண்டியின் பின்னால் ஒரு பெட்டி வேறு பூட்ட வேண்டியிருந்தது.