காய்ச்சல் இல்லாத நோயாளி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் அடித்தால்தான் நோயாளி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்த டிரெஸர் எங்கள் வாயில் தெர்மாமீட்டரை வைப்பார்; சூடு இல்லையென்றால் லீவுச் சீட்டு கிடையாது. எண்பதுகளில் மூத்தவளைச் சுமந்தபோது, ஏழாம் மாதத்தில் என் கால் செருப்புக்குள் நுழையவில்லை. முகம் ஊதியது, தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே தெர்மாமீட்டர்.

"காய்ச்சல் இல்ல லா. மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும். போய்ப் பால்மரம் வெட்டு."

வயிறு பெரிசாகவே இல்லையே என்றேன். "சின்னப் புள்ளன்னா லேசா பெத்துருவே" என்று சிரித்தார். பிரஷர் பார்க்கும் கருவி அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. தோட்டத்துத் துரை வந்தால் மட்டும் அது வெளியே வரும்.

நானே பஸ் ஏறி கோலா சிலாங்கூர் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நர்ஸ் மிஸி பிரஷர் பார்த்தாள், வயிற்றை நாடாவால் அளந்தாள், வீட்டுக்கே விடாமல் ஆம்புலன்ஸில் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பிரஷர் ஏறியதால் பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அதனால்தான் வளரவில்லை என்றார்கள். மூன்று வாரம் படுக்கையிலேயே மாத்திரை, ஊசி. தினமும் பிள்ளையின் அசைவை எண்ணிச் சொல்ல வேண்டும். வளர்ச்சி அடியோடு நின்றதும் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பார்க்க வந்த டிரெஸர், "என்னம்மா, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு?" என்றபடி சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து உதறினார்.

"அவளுக்கும் காய்ச்சல் இல்ல, எனக்கும் இல்ல. நீங்க போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.