அக்காவும் ஆறிய தேத்தண்ணீரும்

எங்கள் அக்கா அளவெட்டியில் பிறந்தவர். எனக்கு மூத்தவர். சண்டைக்குள் இருந்து எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவரும் அவர்தான். முதலில் பார்க்டேலில் ஓர் அறை, பிறகு மல்வேர்னில் வீடு. பேக்கரியில் நின்று உழைத்தார். கால் வீங்கும். சொல்லமாட்டார். எனக்கு அதிகம் எழுத வராது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். எங்களைப் பெற்ற ஐயாவும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

பேக்கரியில் அக்காவோடு வேலை செய்த இந்தோனேசியர் புடி. அக்காவை விரும்பினார். அக்காவும்தான். அவர்கள் நாட்டில் பெண்ணை விரும்பினால் சனிக்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய், தகப்பனோடு இருந்து கதைக்க வேண்டுமாம். வெளியில் சந்திப்பது மரியாதை இல்லையாம். அப்படியே வந்தார். தலை வாரி இழுத்து, பழப்பையோடு. அம்மா தேத்தண்ணீர் வைப்பார். அவர் தொடமாட்டார்.

“ஐயா, வீட்டுக்காரர் ‘குடியும்’ எண்டு சொன்னாத்தான் அவையள் குடிப்பினம். ஒருக்காச் சொல்லுங்கோவன்,” என்று அக்கா கேட்டார்.

“ஓ, அப்பிடியே சங்கதி? சொன்னாக் குடிப்பான். குடிச்சாப் பொம்பிளை கேப்பான்.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஐயாவே குசினிக்குக் குரல் கொடுப்பார். “நல்ல சூடாக் கொண்டு வாரும்!” கோப்பையைப் புடி முன் தள்ளி வைப்பார். ‘குடியும்’ என்று மட்டும் சொல்லமாட்டார். தான் உறிஞ்சிக் குடிப்பார். ஒருநாள் மாமாவையும் கூப்பிட்டார், வேடிக்கை பார்க்க.

“அத்தான், உவன் பிள்ளையார் மாதிரியெல்லே இருக்கிறான்,” என்றார் மாமா.

“பிள்ளையாரே பால் குடிச்சவராம். உவன் தேத்தண்ணி குடியான்!”

இருவரும் சிரித்தார்கள். புடிக்குத் தமிழ் தெரியாது. சிரிப்புத் தெரியும். எழும்பினார். அம்மாவுக்குத் தலை குனிந்தார். பிறகு வரவில்லை.

அக்கா அழவில்லை. வந்த சம்பந்தம் எதற்கும் தலையாட்டவும் இல்லை. பிறகு வருத்தம் வந்தது. புற்றுநோய். ஐயா ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோனார். ஊற்றி நீட்டினார்.

“குடி பிள்ளை.”

அக்கா கோப்பையைப் பார்த்தார்.

“ஆறட்டும் ஐயா.”

ஆறியது. குடிக்கவில்லை. அடுத்த நாள் போய்விட்டார்.

அக்காவைப் பராமரித்த தாதிமாருக்கும், பேக்கரித் தோழிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றி இறக்கிய அயலவருக்கும், செத்த வீட்டில் கைகொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. நான் சொல்லி, புடி அவர்களும் இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கிறார். இந்த நினைவு மலரை அவரால் வாசிக்க முடியாது. அவருக்குத் தேத்தண்ணீர் வைத்தால், பக்கத்தில் இருப்பவர் ஒருக்கால் “குடியுங்கோ” என்று சொல்லிவிடுங்கள்.