பரமேஸ் அக்காவுக்கெண்டு எடுத்து வைச்ச மோட்டர்

அது விக்கிறதுக்கில்லை பிள்ளை. ஓம், மேல் தட்டிலை பொலித்தீன் சுத்தினபடி இருக்கிறதுதான், பாக்கப் புதுசு மாதிரித்தான் இருக்கும், ஆனா தரமாட்டன். உங்கடை மீன் தொட்டிக்கு அது தேவையுமில்லை. கிணத்திலையிருந்து தண்ணி ஏத்துற மோட்டர் வேறை, தொட்டித் தண்ணியைச் சுத்தி விடுற மோட்டர் வேறை, உங்களுக்குத் தண்ணிக்குள்ளையே கிடந்து ஓடுற சின்னன் ஒண்டு காணும். ஏன் தரமாட்டியள் எண்டு கேக்கிறியள். சொன்னா, மோட்டர்க் கடைச் சரசுவுக்கு விசர் எண்டு வெளியிலை போய்ச் சிரிப்பியள். பரவாயில்லை, இருங்கோ, சொல்லுறன்.

நான் பேய் பிசாசு நம்புற ஆளில்லை. என்ரை மனுசன் செத்து இந்தக் கடையைத் தனிய நடத்தத் தொடங்கினாப் பிறகு சாமியையே அரைவாசிதான் நம்புறன். மோட்டர் தானாய் ஓடுது, கிணத்துக்குள்ளை ஆரோ முனகினம் எண்டு எத்தினை சனம் இந்த மேசைக்கு முன்னாலை நிண்டு சொல்லியிருக்குது, போய்ப் பாத்தா வயர் உருகிக் கிடக்கும், இல்லாட்டி பைப்பை எலி கடிச்சிருக்கும். அப்பிடி எல்லாரையும் பாத்துச் சிரிச்ச நான்தான் இப்ப உங்களுக்கு இதைச் சொல்லுறன். அதோடை இது இரவிலை நடந்ததும் இல்லை. நல்ல பட்டப்பகல், வெய்யில் மண்டையைப் பிளந்துகொண்டு நிண்ட நேரம்.

கோப்பாயிலை பரமேஸ் அக்கா எண்டு ஒராள் இருந்தவ. என்னைவிட மூப்பு, கலியாணம் கட்டேல்லை. அவவுக்கெண்டு இருந்த காணியை ஈடு வைச்சுத்தான் தம்பியாரை லண்டனுக்கு அனுப்பினது, அதோடை அவவின்ரை கலியாணக் கதையும் முடிஞ்சுது. படுக்கையிலை கிடந்த தாயைக் கடைசிவரைக்கும் பாத்ததும் அவதான். பின்வளவிலை கத்தரியும் கொஞ்சம் வெங்காயமும் வைச்சிருந்தவ. தாயைக் குளிப்பாட்ட, துணி தோய்க்க, கத்தரிக்கு விட, எல்லாத்துக்கும் கப்பியிலை கயித்தைப் போட்டு வாளியாலைதான் அள்ளுறது. ஊரிலை எல்லார் வீட்டையும் மோட்டர் வந்திட்டுது, லண்டன்காரன்ரை வீட்டிலை மட்டும் வாளி.

சனிக்கிழமையளிலை மருதனார்மடத்து ஆஞ்சநேயரிட்டைப் போட்டு நான் அப்பிடியே அவ வீட்டை போவன். அவ அள்ள அள்ள நான் தோய்க்கிற கல்லிலை குந்தியிருந்து ஊர்க்கதை கதைப்பன். நான் அள்ளித் தாறன் எண்டு கயித்திலை கை வைச்சா அடிக்காத குறையாய்த் தள்ளி விடுவா. முந்தி நிக்காமல் அள்ளின மனுசி. பிறகு தொய்வு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. ஐஞ்சு வாளிக்கு ஒருக்கா நிண்டா, கடைசிக் காலத்திலை மூண்டு வாளிக்கு ஒருக்கா. மூண்டு அள்ளுவா, கிணத்துக் கட்டைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டு மூச்சு எடுப்பா, பிறகு வெறும் வாளியைக் கட்டிலை ஒருக்கா டங் எண்டு தட்டிப்போட்டுத் திரும்பக் கிணத்துக்குள்ளை விடுவா. அந்தத் தட்டு ஏனெண்டு கேட்டா, “வாளிக்குக் கேக்கட்டும் எண்டுதான், நான் இன்னும் சாகேல்லை எண்டு” எண்டு பகிடி விடுவா.

கடைக்கும் வந்து மோட்டர் பாப்பா. அந்தக் கிணத்திலை ஊத்து மெதுவாய்த்தான் வரும், பெரிய மோட்டர் போட்டா அடித்தண்ணி கலங்கி உவர் ஏறிடும், அதாலை அரை எச்பி காணும் எண்டு நான்தான் அந்த மோட்டரைத் தெரிஞ்சு எடுத்து மேலை வைச்சன். சும்மா கொண்டுபோங்கோ அக்கா எண்டும் சொன்னனான். மாட்டன் எண்டிட்டா. “தம்பி வாங்கித் தாறன் எண்டவன், நான் வேறை இடத்திலை வாங்கினா அவன்ரை மனம் நோகும்.” அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? அடுத்த முறை வரேக்கை பாப்பம், அவசரப்பட்டு இஞ்சத்தைச் சாமான் வாங்கிப்போடாதை எண்டவர். ஒவ்வொரு முறையும் வந்தவர். அறைக்கு ஏசி பூட்டினவர், கேற்றுக்கு வர்ணம் அடிச்சவர், பிள்ளையளோடை கடற்கரைக்குப் போனவர். மோட்டர் அடுத்த முறை.

அவ செத்தது கிணத்தடியிலைதான். பக்கத்து வீட்டுக்காரர் பாக்கேக்கை கிணத்துக் கட்டிலை சாஞ்சபடி இருந்தவவாம், பக்கத்திலை நிறை வாளி. ஒரு சொட்டும் சிந்தேல்லையாம்.

ஒரு வருசம் முடிய வாற ஆட்டைத் திவசத்துக்குத் தம்பியார் குகன் குடும்பமாய் வாறார் எண்டு கேள்விப்பட்டு, பரவாயில்லை, அதையாவது ஒழுங்காய்ச் செய்யட்டும் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தா கத்தரித் தோட்டம் இல்லை. அவ்வளவத்தையும் கிண்டி நீச்சல் தடாகம் கட்டியிருக்கு, நீல மாபிள் பதிச்சு, ஏறி இறங்கக் கம்பி போட்டு. வாற சொந்தக்காரப் பிள்ளையளுக்கு வெக்கையாம், குளிச்சு விளையாட வேணுமாம். கிணத்தடியைத் துப்பரவாக்கிறம் எண்டு கப்பியையும் கழட்டி, கயித்தையும் வாளியையும் குப்பையோடை எறிஞ்சுபோட்டினம். தமக்கை செத்த இடத்துக்கும் அந்தத் தடாகத்துக்கும் இடையிலை ஒரு வேப்பமரம்தான்.

மோட்டருக்கு என்னட்டைத்தான் வந்தவர். மூண்டு எச்பி வேணுமாம், ஒரு நாளிலை நிரம்ப வேணுமாம். கிணறு தாங்காது தம்பி, உவர்த்தண்ணியிலைதான் பிள்ளையள் நீந்துவினம் எண்டன். அப்ப சின்னன் ஒண்டைப் பூட்டி இரவு பகலாய் ஓட விடுவம் எண்டு சொல்லிக்கொண்டே நிமிந்து பாத்தவர், அந்தக் கண் நேரே மேல் தட்டுக்குப் போகுது.

“அது விக்கிறதுக்கில்லை தம்பி. உங்கடை அக்காவுக்கெண்டு எடுத்து வைச்சது.”

“அப்பிடியெண்டா எங்கடைதானே. இறக்குங்கோ.”

மனுசன் வெக்கப்படேல்லை பிள்ளை. ஒரு கண் கூடச் சிமிட்டேல்லை. எனக்கு வந்த கோவத்துக்கு இருந்த ஸ்பானரைத் தூக்கி எறிஞ்சிருப்பன். பிறகு யோசிச்சன், அந்தக் கிணத்துக்கெண்டு எடுத்தது அந்தக் கிணத்துக்கே போகட்டும், அவவின்ரை ஆத்துமா இருந்தா பாத்துக்கொள்ளட்டும் எண்டு. அப்பிடி வாயாலை சொன்னனே ஒழிய, ஆத்துமாவை எல்லாம் ஆர் நம்பினது.

எங்கடை கடையிலை மோட்டர் பூட்டுற பிற்றர் சிவாவும் நானும் போய்ப் பூட்டினம். நானே நிண்டு பூட்டுவிச்சன், இழுவைப் பைப்பிலை எங்கையும் காத்து ஏறாமல் ரேப் சுத்தி, புது வால்வு போட்டு, மோட்டருக்குள்ளை தண்ணி விட்டு நிரப்பி. கிணத்திலை தண்ணி நெஞ்சளவு நிண்டது. மத்தியானம், சுவிச்சைப் போட்டாச்சு. மோட்டர் நல்லாய் ஓடுது, சத்தத்திலை ஒரு பிழையில்லை. தடாகத்துக்குள்ளை விட்ட பைப்பாலை தண்ணி குபுக்கெண்டு வந்துது. நிண்டுது. திரும்ப வந்துது. நிண்டுது. திரும்ப வந்துது. பிறகு கனநேரம் ஒண்டும் இல்லை.

காத்துப் பிடிச்சிட்டுது எண்டான் சிவா. நானும் அதைத்தான் சொன்னன். கழட்டினம், வால்வை மாத்தினம், பைப்பைப் புதுசாய் வெட்டிப் போட்டம். அப்பவும் அதே மாதிரி. மோட்டரைக் கழட்டிக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கிணத்திலை போட்டுப் பாத்தம், நூல் பிடிச்ச மாதிரி ஒரே சீராய் வருது. திரும்பக் கொண்டந்து இதிலை போட்டா, குபுக், குபுக், குபுக், நிப்பு. மோட்டர் நிக்கேல்லை பாருங்கோ, அது ஒரே இரைச்சலாய் ஓடிக்கொண்டிருக்கு, தண்ணி மட்டும் நிக்குது. இத்தினை வருசம் மோட்டரோடை மாரடிக்கிறன், அப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை.

களைச்சுப்போய் வழக்கமாய் இருக்கிற அந்தத் தோய்க்கிற கல்லிலை குந்தினன். அப்பதான் கேட்டுது. தண்ணி நிண்டு, திரும்ப வரமுந்தி, பைப்புக்குள்ளை ஒரு சத்தம். டங்.

நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ. ஒவ்வொரு குபுக்கும் ஒரு வாளித் தண்ணி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூண்டு வாளி, மூச்சு எடுக்கிற நேரம், டங், பிறகு மூண்டு வாளி. எத்தினை சனிக்கிழமை அந்தக் கல்லிலை இருந்து கேட்ட கணக்கு அது, எனக்கு மாறுமோ?

குகன் வேப்பமரத்துக்குக் கீழை கதிரையைப் போட்டுக்கொண்டு போனிலை கதைச்சுக்கொண்டு இருந்தவர். நான் போய், “தம்பி, இது மோட்டர் இழுக்கிற தண்ணி இல்லை. வந்து கேளுங்கோ. அக்கா அள்ளுறா” எண்டன். என்ரை குரலே எனக்குப் புதுசாய் இருந்துது. அவர் போனை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் நிண்டு பாத்தார். அவருக்கு அந்தச் சத்தம் ஒண்டும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லும், அவ அள்ளேக்கை ஒரு நாளெண்டாலும் பக்கத்திலை நிண்டிருந்தாத்தானே.

“அக்கா எண்டா நிரப்பிப்போட்டுத்தான் விடுவா” எண்டு சிரிச்சார். “வருதுதானே சரசு அக்கா, ஓடட்டும் விடுங்கோ.”

நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிப்பாட்டினன். மோட்டர் நிண்டிட்டுது. இரைச்சல் அடங்கி வளவே அமைதியாய்ப் போச்சு. அந்த அமைதிக்குள்ளை, டங். குபுக். குபுக். குபுக். கறண்ட் இல்லாமல் பிள்ளை! சிவா சாமான் பெட்டியையும் விட்டிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான், அதுக்குப் பிறகு இண்டைக்கும் கோப்பாய்ப் பக்கம் வேலை எண்டா வரமாட்டான்.

கிணத்தை எட்டிப் பாத்தன். ஒருத்தரும் இல்லை. தண்ணி மட்டும், வாளி எடுத்த கையோடை ஆடுமே, அப்பிடி வட்டம் வட்டமாய் ஆடிக்கொண்டிருந்துது. எனக்குப் பயம் போய் அழுகை வந்திட்டுது. பழி வாங்க வந்திருக்கிறா எண்டா நான் சந்தோசப்பட்டிருப்பன், உண்மையாய்த்தான் சொல்லுறன், அந்த நீல மாபிளைப் பிளந்தெறிஞ்சிருந்தா கை தட்டியிருப்பன். ஆனா அவ அதுக்கு வரேல்லை. தம்பி தண்ணி கேட்டிட்டான், அள்ளுறா, அவ்வளவுதான்.

“காணும் அக்கா, விடுங்கோ” எண்டு கிணத்துக்குள்ளை குனிஞ்சு கத்தினன். “அவன் குடிக்கக் கேக்கேல்லை, விளையாடக் கேக்கிறான். காணும், போய்ப் படுங்கோ.”

நிண்டுது. நான் கேட்டதுக்குத்தான் நிண்டுது எண்டு நினைச்சு மூக்கைத் துடைச்சன். மூச்சுத்தான் எடுத்திருக்கிறா. டங்.

திவசத்தண்டு தடாகம் விளிம்பு மட்டும் நிரம்பியிருந்துது. உள்ளுக்கை அவவின்ரை படத்துக்கு முன்னாலை தலைவாழை இலையிலை படைச்சிருக்கு, ஐயர் மந்திரம் சொல்லுறார், பின்னாலை பிள்ளையள் குதிச்சுக் கூக்காட்டுதுகள். குகன் வாற போற ஆக்களுக்கெல்லாம் சின்ன மோட்டர் எண்டாலும் நல்லாய் இழுத்தது எண்டு காட்டிக்கொண்டு திரிஞ்சார். நான் சாப்பிடாமலே இலையை மடிச்சுப்போட்டு வந்திட்டன்.

பிறகு அவையள் திரும்ப லண்டனுக்குப் போட்டினம். வீட்டைப் பூட்டி, கறண்டையும் வெட்டுவிச்சு, கிணத்துக்கு இரும்பு வலை போட்டு மூடினவை. கள்ளன் கழட்டிப்போடுவான் எண்டு மோட்டரைக் கழட்டி என்னட்டையே தந்தவர், அடுத்த முறை வரேக்கை எடுக்கிறன் எண்டு. அதுதான் அந்தா மேலை இருக்குது.

இப்ப நீங்களும் தொட்டி கட்டப்போறனீங்கள்தானே, ஒண்டு கேளுங்கோ. நிண்ட தண்ணி எண்டா வெய்யிலுக்கு வத்தும், சுத்தி விடாட்டிப் பச்சை பிடிச்சு நாறும். சித்திரை முழுக்க மழை இல்லை, எங்கடை கடைக் கிணறே அடி தெரிஞ்சுது. அந்தத் தடாகம் மட்டும் விளிம்பு மட்டும் நிக்குது. தெளிஞ்ச தண்ணி, மாபிள் கோடு எண்ணலாம். குகன் வெய்யிலிலை ஓடுற கமரா ஒண்டு பூட்டிப்போட்டுப் போனவர், லண்டனிலை இருந்தே பாப்பார். எனக்கு வாட்சப்பிலை போட்டவர், ஒரு சொட்டும் குறையேல்லை, நல்ல வேலை செய்திருக்கிறியள் எண்டு, ஒரு கட்டைவிரல் படமும் போட்டு.

போன சனிக்கிழமை கோயிலுக்குப் போட்டு வரேக்கை மனம் கேக்காமல் அந்தக் கேற்றடியிலை போய் நிண்டனான். நல்ல மத்தியானம், ஒழுங்கையிலை ஒரு நாய் கூட இல்லை. கேக்கக் கூடாது எண்டு கும்பிட்டுக்கொண்டுதான் நிண்டன்.

டங்.

தடாகத்துக்குள்ளை ஒரு வாளித் தண்ணி விழுந்துது. ரெண்டாவது விழுந்துது. மூண்டாவதுக்குக் காத்துக்கொண்டு நிண்டன், வெய்யில் சுடச் சுட நிண்டன், அது வரேல்லை. கனநேரத்துக்குப் பிறகு திரும்பவும் டங். பிறகு ஒண்டு, ரெண்டு, நிப்பு.

இப்ப அவவுக்கு ரெண்டு வாளிக்கே மூச்சு வாங்குது பிள்ளை.