இஞ்சினில் போட்ட கொலுசு மணி

சித்தப்பா வாங்கி வந்த எண்ணெய் இஞ்சினைக் கெடுத்தவள் நான்தான் என்று ஐந்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு அது சாமானியத் தியாகம் இல்லை. நடுவில் ஒரு நாள் வீட்டில் வெல்லம் போட்ட கச்சாயம் வேறு சுட்டார்கள்.

அது யுத்த காலம். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதுவரை எருதுகள் தோல்சால் இழுத்துக் கவலை இறைத்துத்தான் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு எருதுகளின் நடை போதவில்லை. பஞ்சு மில் ஒன்றில் கழித்துப்போட்ட பழைய இஞ்சினை வாங்கலாம் என்று அப்பாவை ஆறு மாதம் நச்சரித்தார். கடைசியில் இரண்டு ஜோடி எருதுகளையும் விற்க வைத்து, இஞ்சினைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஊரே வந்து பார்த்தது. அப்பா மட்டும் காலியாகிவிட்ட மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இஞ்சின் வைகாசியில் ஓடியது, ஆனியில் ஓடியது, ஆடி பிறந்ததும் நின்றது. மழையும் அந்த வருடம் அதே ஆடியில்தான் எங்களை மறந்தது. மஞ்சள் முளைத்து இரண்டு இலை விட்டிருந்த நேரம். பிஸ்டனிலிருந்து வரும் தண்டு கிராங்கைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் இரண்டு பாதியாக ஒரு வெண்கல வளையம் உண்டு. பேரிங் என்பார் சித்தப்பா. அதில் ஒரு பாதி தேய்ந்து விரிந்துவிட்டது. புதிது சீமையிலிருந்து வர வேண்டும். கப்பல்கள் அப்போது யுத்தத்துக்குச் சாமான் ஏற்றவே நேரம் போதாமல் இருந்தன. எங்கள் மஞ்சள் காட்டைப் பற்றி அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சித்தப்பா சளைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கோயில் மணி வார்க்கும் கன்னார் ஒருவரைக் கூட்டி வந்தார். நரைத்த குடுமி, தீக்காயம் பட்ட முன்கை, பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் வேலையையே பார்க்கும் மனிதர். தேய்ந்த பாதியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணி வார்த்த கை, இதை வார்க்காதுங்களா?" என்றார். மாட்டுக் கொட்டகையில் களிமண் அச்சுச் செய்து, வெயிலில் வைத்து, பிறகு எருமுட்டைத் தணலில் காயவைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து மூடினார்.

நான் அங்கேயேதான் கிடந்தேன். கோயில் மணிக்கு வெண்கலம் உருகும்போது பெண்கள் மோதிரம், தோடு, கால் காப்பு என்று கழற்றிப் போடுவார்களாம். அப்படிப் போட்டால் மணிக்கு நல்ல நாதம் வருமாம். அவர்தான் சொன்னார்.

"இஞ்சினுக்குப் போட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இஞ்சினுக்கு ஆரு சாமி போடுவாங்க!" என்று சிரித்தார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டில் இருந்தபோது, என் கொலுசிலிருந்து ஒரு வெள்ளி மணியைப் பிய்த்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எனக்கு முன்னால் அங்கே அத்தை நின்றிருந்தார்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. பதினாறு வயதில் வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர். வீட்டில் விசேஷம் என்றால் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். அத்தைக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று கையில் ஒரு சொம்பு. கூடையைத் தூக்கிவிட்டு, கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்தபடி, அச்சின் மேல் மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். காய்ந்த மண் சத்தமில்லாமல் குடித்தது. மறுபடி கூடையைக் கவிழ்த்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார். அவர் தலை மறைந்ததும், உருக்குவதற்காக மண் குடுவையில் போட்டு வைத்திருந்த வெண்கலத் துண்டுகளுக்கு அடியில் என் மணியைச் செருகினேன். ஆளுக்கு ஒரு வேலை முடிந்தது.

சாயங்காலம் வார்த்தார்கள். உருகிய வெண்கலத்தை ஊற்றியதும் அச்சு சோற்றுப் பானையைப் போலத் தளதளவென்று கொதித்தது. வாயிலிருந்து நாலைந்து துளி தெறித்தது. என் மணிதான் உள்ளே பேசுகிறது என்று எனக்கு ஏகப் பெருமை. கன்னாரின் புருவம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் அச்சை உடைத்து அரம் போட்டதும் பேரிங் தங்கமாக மின்னியது. சித்தப்பா அதைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் தண்ணீர் பாய்ந்தது. மூன்றாம் நாள் காலை, இஞ்சின் பக்கத்தில் குந்தியிருந்த சித்தப்பா மடை திருப்ப எழுந்து போனார். அவர் நாலடி வைத்திருக்க மாட்டார், இஞ்சின் கடகடவென்று உதறிக்கொண்டு ஒரே சத்தத்தில் நின்றது. அவர் குந்தியிருந்த இடத்துக்கு நேர் பின்னால் சுவரில் ஒரு வெண்கலச் சில்லு பதிந்திருந்தது. சித்தப்பா அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா முடிவாகச் சொன்னார். "எட்டு நாள் பாப்பேன். அதுக்குள்ள ஓடலீன்னா இந்த இரும்பைக் கெணத்துல தள்ளிப்போட்டு மாடு புடிக்கப் போயிருவேன். தோட்டத்து ரோசனை இனி நீ சொல்ல வேண்டா."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். "வார்க்கறப்ப ஆரு குறுக்க வந்தாங்க? நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க" என்று ஒரு பெரியம்மா அம்மாவைத் துருவினார். நான் தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அடுக்களையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அத்தை அன்றும் வெளியே வரவில்லை.

ஐந்தாம் நாள்தான் கன்னார் அகப்பட்டார். வேறொரு ஊர்க் கோயில் வேலையில் இருந்தவரைச் சித்தப்பா தேடிப் பிடித்து வந்திருந்தார். வந்தவர் கொட்டகையில் உட்கார்ந்து உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவர் எதிரே போய் நின்று, ஓவென்று அழுது, கொலுசு மணியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளியா? அட அம்மிணி, உன்ற அத்தனூண்டு மணி இதை என்ன பண்ணும்? வெள்ளி விழுந்து வெண்கலம் கெட்டதா நான் கண்டதில்லை. இங்க பாரு."

மிச்சமிருந்த துண்டைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். வெளியே மினுமினுப்பு, உள்ளே பணியாரத்தைப் பிட்டால் தெரிகிற மாதிரி குட்டிக் குட்டிப் பொத்தல்கள். "அச்சுல ஈரம் இருந்திருக்குது சாமி. சூட்டுல அது ஆவியாகி, வெளிய போவ வழி கெடைக்காம உள்ளயே தங்கிருச்சு. மேல தோல் நல்லாருந்தா ஆருக்குத் தெரியும்? பாரம் ஏறுனதும் நொறுங்கிப்போச்சு."

எனக்கு உயிர் வந்தது. எட்டு வயதில் நான் பட்ட மாதிரி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு பரீட்சையிலும் படவில்லை, பிரசவத்திலும் படவில்லை. அந்த உற்சாகத்தில், "அப்படின்னா அத்தை தெளிச்ச மஞ்சத் தண்ணிதான்!" என்றேன்.

சுத்தியல் பாதியில் நின்றது. "ஆரு தெளிச்சாங்க?"

சொன்னேன். சொம்பு, மூடிய கண், முணுமுணுப்பு, எல்லாம். அவர் வாசலைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஆருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்ல வேண்டா. நீ அதைச் சொல்லாத, உன்ற கொலுசு மணியை நானும் சொல்லலை. சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு, ஓடிப்போய் இரண்டு தட்டு சோறு தின்றேன். நான் தின்றுகொண்டிருந்தபோது வாசலில் அவர் அப்பாவிடம் பேசுவது கேட்டது. "என்ற தப்புதானுங்க. அச்சு சரியா காயலை. ஊத்தறப்பவே கொதிச்ச சத்தம் கேட்டுதுங்க. அப்பவே ஒடச்சுப் போட்டிருக்கோணும். மினுமினுப்பைப் பார்த்து ஏமாந்துபோயிட்டேன்." அப்பா அவரைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். என் தம்பியைக் கொன்றிருப்பாயே என்று கூடக் கேட்டார். அவர் குனிந்த தலை நிமிராமல் ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அத்தை அசையாமல் நின்றிருந்தார்.

இந்த முறை அச்சு மூன்று நாள் காய்ந்தது. கன்னார் ராப்பகலாக அதன் பக்கத்திலேயே கிடந்தார். எங்கள் கோழியைக் கூட அண்டவிடவில்லை. எட்டாம் நாள் காலை வார்த்தார். கொதிக்கவில்லை, தெறிக்கவில்லை, வெண்கலம் சத்தமில்லாமல் இறங்கி வாய்வரை நிறைந்து நின்றது. அவர் அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன்.

மண்ணை உடைத்து, இன்னும் சூடு தணியாத பேரிங்கை இடுக்கியால் எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். "சூடு ஆத்தோணுமுங்க. ஒரு கொடம் தண்ணி வேணும்."

அம்மா குடத்தை எடுக்கப் போனார். "நீங்க வேண்டாங்க" என்றுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார் கன்னார். "ஆவி பறக்கும். நெதானமான கை வேணுமுங்க. உள்ள இருக்கறாங்களே, உங்க தங்கச்சியம்மா, அவங்களைக் கொண்டாரச் சொல்லுங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஒரு கணம் தயங்கினார். "வேலைக்குத்தானே? வரட்டும்" என்றார்.

அத்தை குடத்தோடு வந்தார். அத்தனை பேர் நடுவில் அவர் நடந்து வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்லின் முன் நின்று, கண்ணை மூடி, உதடு அசைய, மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்தது. கல்லிலிருந்து வழிந்து என் காலடிக்கு ஓடி வந்த தண்ணீரைப் பார்த்தேன். லேசான மஞ்சள் நிறம். வாயைத் திறந்தேன். கன்னார் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இஞ்சின் ஓடியது. அந்த ஆடியின் மிச்ச நாளெல்லாம் ஓடியது, தை மாதம் மஞ்சள் வெட்டும்வரை ஓடியது. கிணற்றில் தள்ளப் போவதாகச் சொன்ன அப்பா, ஆயுத பூஜைக்கு அதற்குத் தன் கையாலேயே சந்தனம் வைத்தார்.

என் கல்யாணத்துக்குச் சுமங்கலிகள் கூடி மஞ்சள் இடித்தபோது, என்னையும் வளர்த்த அத்தை அடுக்களைக் கதவோரம் நின்று, அந்தப் பக்கம் வராமல் எட்டி எட்டிப் பார்த்தார். அவருக்குக் கூட்டம் பிடிக்காமல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று நான் வாய் திறந்திருந்தால் ஈரத்தைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? தெளித்த கையைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள், அவர் சாகும்வரை பேசியிருப்பார்கள். அதுவரை, அந்த ஒப்பந்தத்தில் கன்னார் காப்பாற்றியது என்னை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.