இரண்டாவது கிளாரினெட்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பெயர் லுக்மான். சசிரேகாவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவள் எழுதிய இசை முழுவதும் என் மிஷின் வழியாகத்தான் வெளியே வந்தது என்பேன். அதில் பாதித் தாள் மிஷினில் சிக்கி என் உயிரை வாங்கியது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சசிரேகா, ஜெகன் பேண்டு செட்டின் மாஸ்டர். சிவப்புக் கோட்டு போட்ட பதினாறு ஆண்கள் வாசித்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்கு முன்னால் இவள், சுடிதாருக்கு மேல் அதே சிவப்புக் கோட்டு, வாயில் கிளாரினெட், பின்பக்கமாகவே நடந்துகொண்டிருப்பாள். பதினாறு பேரின் முகத்தையும் பார்த்தபடி, புருவத்தாலேயே ஒருவனை அடக்கி இன்னொருவனை எழுப்புவாள். ஐயங்கார்குளத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் தெரு முழுக்க அப்படி நடந்து, ஒரு கல்லில் கூடத் தடுக்காமல் வந்தாள். மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆனால் அவள் பேண்டுக்குள் வந்தது வாசிக்க அல்ல. தையல்காரியாக வந்தாள். ஜெகனைக் கட்டிக்கொண்ட புதிதில் அந்தச் சிவப்புக் கோட்டுகளைத் தைத்தது அவள்தான். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது சர்ச் கீபோர்டில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் இருக்கும் இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றிருந்தாள். அது யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகு ஒருநாள் சென்னைப் பழைய வாத்தியக் கடையிலிருந்து ஜெகன் ஒரு கிளாரினெட் வாங்கி வந்தான். யாருக்காக வாங்கினானோ அந்த ஆள் அதே வாரம் வேறு செட்டுக்கு ஓடிவிட்டான். பெட்டி பரணுக்குப் போனது. அதை இறக்கித் துடைத்தவள் சசிரேகா. பெட்டியின் உள்துணி கிழிந்திருந்ததால், தையல்காரி புத்தி, பிரித்துத் தைக்கப் போனாள். துணிக்கு அடியில் நான்காக மடித்த தாள்கள் இருந்தன.

அவற்றைத்தான் முதல்முறை என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"பாய், இத்த கொஞ்சம் பெருசு பண்ணிக்குடு. கோடுங்கோ தெரியல."

"இன்னாம்மா இது, எறும்பு ஊர்ந்தா மாதிரி கீது?"

"பாட்டு, பாய். யாரோ வில்லெம் டெர்ஹோர்ஸ்ட்டாம். பேரு போட்டுக்கீது பாரு."

என் மனைவி பதுருன்னிசா அரசுப் பள்ளியில் ஆங்கில டீச்சர். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து அவள்தான் சொன்னாள், அது டச்சு மொழி, தலைப்புக்கு அர்த்தம் 'துறைமுகத்துக்குப் போகும் ஊர்வலம்' என்று. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டினார்களே, அந்த டச்சுக்காரர்கள் என்று நான் விளக்கினேன். சசிரேகா கோட்டையைக் காதில் வாங்கவே இல்லை. "ஊர்வலமா? அது நம்ம வேல ஆச்சே" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தாளில் ஒரு சிக்கல். அது முழுப் பாட்டு இல்லை. முப்பது நாற்பது பேர் வாசிக்கும் பாட்டில், இரண்டாவது கிளாரினெட் என்ற ஒற்றை வாத்தியத்துக்கான பங்கு மட்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் கையில் ஊறுகாய் வாளி மட்டும் கொடுத்த மாதிரி. மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று அதில் இல்லை. டுட்டு, டுட்டு என்று நான்கு பக்கம் ஓடும், அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவள் ஊதப் பழகி, ஒரு வருஷம் அந்த டுட்டு டுட்டுவை வாசித்து, அதற்கு மேல் என்ன ராகம் உட்காரும் என்று யோசித்தாள். ரைஸ் மில்லுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்தாள். டிரம்பெட் கன்னியப்பனுக்கு ஒரு வரி, டிராம்போனுக்கு ஒரு வரி, டுட்டு டுட்டு அவளுக்கே. கோடு போட்ட தாளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ச ரி க ம என்று எழுதினாள், அதையும் மங்கலான பென்சிலில் எழுதி என் கண்ணைக் கெடுத்தாள். திருத்தித் திருத்தி நாற்பது முறையாவது ஜெராக்ஸ் எடுத்திருப்பாள். நான் திட்டாத நாள் கிடையாது. அவள் காதில் போட்டுக்கொண்ட நாளும் கிடையாது.

நடுவில் ஓர் இடத்தில் தடித்த கோடு ஒன்றும், மேலே இருபத்துநான்கு என்ற எண்ணும் இருந்தன. இருபத்துநான்கு தாளச் சுற்று நீ சும்மா இரு என்று அர்த்தமாம். எங்கள் பக்கத்து பேண்டுக்காரர்களுக்கு இதில் சந்தேகமே வராது. ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது ஊதுகிறவர்கள் எல்லாரும் வாத்தியத்தை இறக்கி மூச்சு வாங்குவார்கள். திரும்பி முடிக்கும்வரை டிரம்மும், கழுத்தில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிக்கும் தாஷாவும் மட்டும்தான். "டச்சு ஊர்லயும் தெருமுன இருக்கும்ல" என்றாள் சசிரேகா. இருபத்துநான்கு சுற்றையும் ஜெகனின் பெரிய டிரம்முக்கும் தாஷாக்களுக்கும் கொடுத்து, ஒரு அடி விடாமல் அவளே எழுதினாள். அந்த இடம் வரும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் புல்லரிக்கும். ஐயங்கார்குளத்தில் தெருவே ஆடியது. அதன்பிறகு கல்யாண வீட்டார் "அந்த டச்சுப் பாட்டு உண்டா" என்று கேட்டுத்தான் செட்டைப் பேசினார்கள்.

பாட்டை எழுதிய அந்த மனிதரைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பதுருன்னிசா தேடித் தேடி எடுத்த பதினான்கு பக்கத்தை நான் அச்சிட்டுக் கொடுத்தேன். கடலோரச் சிற்றூரில் பிரட் சுடுகிறவரின் மகன். பத்து வயதில் ஊர் பேண்டில் இரண்டாவது கிளாரினெட். ஏனென்றால் முதல் கிளாரினெட் மேயர் மகனுக்கு. பிறகு ஆம்ஸ்டர்டாமில் படிப்பு, முப்பது வருஷம் பெரிய இசைக்குழுக்களுக்கு நடத்துநர். நான்கு சிம்பொனி எழுதினார். ஓர் இசை நாடகமும் எழுதினார், அதில் பாதியிலேயே ஜனம் எழுந்து போய்விட்டது. இப்போது எண்பத்துமூன்று வயது, ஓய்வில் ஆடு வளர்க்கிறார்.

"ஆடு வளக்குறாராமே பாய்" என்று அவள் சிரித்த சிரிப்பில், அவர் ஏதோ பக்கத்துக் கலியாம்பூண்டியில் இருக்கிற சித்தப்பா என்று நினைக்கத் தோன்றியது. அவர் படத்தை லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டினாள்.

இந்த வருஷம் காஞ்சிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி பேண்டு போட்டி அறிவித்தது. சினிமாப் பாட்டு கூடாது. சொந்தமாக அமைத்த இசையாக இருக்க வேண்டும். அடுத்தவர் இசை என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். சசிரேகாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு ஞாபகம் இல்லாமல், இசைக்காக மட்டும் ஜனம் கேட்கப் போகிறது. அவள் வாழ்நாளில் முதல்முறை. விண்ணப்பத்தில் இசையமைத்தவர் என்ற இடத்தில் வில்லெம் டெர்ஹோர்ஸ்ட் என்று முத்து முத்தாக எழுதினாள். பதுருன்னிசா ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். ஐயங்கார்குளத்தில் யாரோ எடுத்த வீடியோவையும் சேர்த்து, அவருடைய இணையதளத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

மூன்று வாரம் பதில் இல்லை. விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி. தினம் பயிற்சி முடிந்து வந்து, "வந்துச்சா பாய்?" என்பாள். ஒரு மணிக்கு ஒரு தரம் நானே திறந்து திறந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் வந்தது. இரண்டு இணைப்புகள். ஒன்று, அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். இன்னொன்று, அந்தப் பாட்டின் முழு இசைக்குறிப்பு, அறுபத்திரண்டு பக்கம். நான் போன் போட்ட ஐந்தாவது நிமிஷம் சசிரேகாவும் ஜெகனும் வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள்.

கடிதம் ஒரே சாய்வுக் கிறுக்கல். ஜெகன் போனைக் காட்டி மொழிபெயர்க்கப் பார்த்தான், போனும் கைவிரித்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அரசாங்கப் படிவ ஆங்கிலம். முதல் வரியில் இரண்டு சொல் மட்டும் பிடிபட்டன. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பர்மிஷன் குடுக்க முடியாதுன்னு எழுதிக்கிறாரு போலக்கீதேம்மா."

அவள் மிஷினிலிருந்து சூடாக வந்துகொண்டிருந்த இசைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இருபதாவது பக்கத்தில் அவள் கை நின்றது. இருபத்துநான்கு சுற்று. அங்கே டிரம்மே இல்லை. டிராம்போன்கள் எல்லாம் சேர்ந்து வாசிக்கும் பெரிய மெட்டு ஒன்று இருந்தது. அதைத் தொடையில் தட்டிக்கொண்டே வாய்க்குள் பாடிப் பார்த்தாள்.

"எல்லாமே தப்பு பாய். ஒரு வரி கூட அவரு எய்தினது இல்ல. அவரு இங்கதான் உசுர வெச்சிக்கிறாரு. நானு அங்க போயி டமாரம் அடிச்சிக்கினு கீறேன். ஊரெல்லாம் அவரு பாட்டுன்னு வேற சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"இப்ப இன்னா ஆயிப்போச்சு? நல்லாத்தானே கீது நம்மளுது?" என்றான் ஜெகன்.

"நல்லா இருந்தா? அவரு பேரப் போட்டுக்கினு வாசிச்சா அது பொய்யிதானே? வேணாம். நாளைக்கு ஃபாரம் குடுக்க நம்ம போவ வேணாம்."

அழுகிறவள் அல்ல அவள். அன்றைக்குத் தாள்களை அடுக்குகிற சாக்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என் வாயை நானே சபித்துக்கொண்டேன். நாலரை மணிக்குப் பள்ளிவிட்டு பதுருன்னிசா வந்தாள். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து, பையைக்கூட இறக்காமல் கடிதத்தை வாங்கினாள். முதலில் தனக்குள் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, அர வரிய படிச்சிட்டு ஏன் இப்படி பேஜார் பண்றீங்க?" என்றாள். பிறகு தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டோம்.

'அன்புள்ள சசிரேகா அவர்களுக்கு, நீங்கள் கேட்கும் அனுமதியை நான் தர முடியாது. உங்கள் வீடியோவை ஆறு முறை பார்த்தேன். என் பாட்டை அதில் தேடினேன். இல்லை. முழு இசைக்குறிப்பை அனுப்பியிருக்கிறேன், நீங்களே பாருங்கள். நடுவில் டிராம்போன்களுக்கு ஒரு மெட்டு வைத்தேன். ஐம்பது வருஷமாக எனக்கு அதில் பெருமை. நீங்கள் டிரம் அடித்த இடத்தில் அதை நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என்னுடையதல்லாத இசைக்கு நான் எப்படி அனுமதி தருவது? தயவுசெய்து என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள்.'

பதுருன்னிசா பக்கத்தைத் திருப்பினாள்.

'அதில் என்னுடையது ஒன்றே ஒன்று. இரண்டாவது கிளாரினெட். சிறுவயதில் நான் உட்கார்ந்த நாற்காலி அது. அதை யாரும் தனியாகக் கேட்டதே இல்லை, என் அம்மா உட்பட. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் பேண்டிலேயே இருக்கட்டும்.'

ஜெகன் கடை என்றும் பாராமல் என் மேஜையில் அந்த இருபத்துநான்கு சுற்றின் முதல் அடியை இரண்டு கையாலும் அடித்தான். ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. நான் திட்டவில்லை. சந்தோஷத்தில் எனக்கு யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சசிரேகா மட்டும் அசையவில்லை. "இன்னொரு தரம் படி டீச்சர்" என்றாள். பதுருன்னிசா படித்தாள். "இன்னொரு தரம்."

மூன்றாம் முறை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "பாய், புது ஃபாரம் ஒண்ணு எடு."

எடுத்தேன். தாள் சிக்காமல் மிஷின் கொடுத்தது. இசையமைத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்து, வெகுநேரம் கழித்து, ஜெ. சசிரேகா, உத்திரமேரூர் என்று எழுதினாள். நடத்துநர் என்ற இடத்திலும் அதையே எழுதினாள். அடுத்த பக்கம் வாசிப்பவர்கள் பட்டியல். கன்னியப்பனில் தொடங்கிப் பதினாறு பெயரையும் வரிசையாக எழுதினாள். பதினேழாவது தன் பெயர். முடிந்ததென்று நான் கை நீட்டினேன். அவள் கொடுக்காமல் இன்னொரு வரி எழுதினாள்.

18. வில்லெம் டெர்ஹோர்ஸ்ட், வயது 83, இரண்டாவது கிளாரினெட்.

"ஏம்மா, ஆளு வரலன்னா போட்டி அன்னிக்கு எங்க அவரு, எங்க அவருன்னு கேப்பான். இன்னா பதில் சொல்லுவ?" என்றேன். ஃபாரம் வீணாகிவிடுமே என்ற கவலை எனக்கு.

"வர மாட்டாரு பாய்," என்றாள் சசிரேகா, கிளாரினெட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு. "ஆனா வாசிப்பாரு."