பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான்

ஆம்பூரில் பதினோரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஒருநாள் மாணவி ரேவதி விடைத்தாளோடு வந்தாள். பொட்டாசிய அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமையும் வரிசையை 2, 8, 8, 1 என்பதற்குப் பதில் 2, 8, 9 என்று எழுதியிருந்தாள், நான் அதைத் தப்பென்று அடித்திருந்தேன்.

“மூணாவது கூட்டுல பதினெட்டு எலக்ட்ரான் இருக்கலாம்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? ஏன் எட்டோட நிறுத்தணும்?”

“புக்ல இருக்கறத எழுது, போ” என்று அதட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. காரணம் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

வீட்டில் பழைய கல்லூரிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும், “நேத்து ரேவதி கேட்டதுக்குப் பதில் தெரியாமத்தான் கோவப்பட்டேன். தப்பு என்னுது” என்றேன். மூன்றாம் கூட்டின் மீதி இடத்தைவிட நான்காம் கூட்டின் முதல் இடத்துக்கு ஆற்றல் குறைவு, அதனால் கடைசி எலக்ட்ரான் அங்கே போகிறது என்று விளக்கினேன்.

ரேவதி எழுந்தாள். “எங்கப்பா டேனரில தோல் பதப்படுத்தக் குரோமியம் போடுறாரு மிஸ். அதுக்கு எலக்ட்ரான் எப்டி அமையும்?”

“சரியாத் தெரியல. படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.