மூடி திறக்காத பாட்டில்

காலையில் அடுப்படியிலிருந்து மனைவி, "ஏங்க, கேஸ் நாத்தம் வருதா?" என்றாள். போன வருஷக் காய்ச்சலோடு என் மூக்கு வேலையை விட்டு நின்றுவிட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சும்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றபோது, ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியின் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. ஆசிட் தின்ற மேசைகளும், மில் சங்கு ஊதினால் அதிரும் ஜன்னல்களுமாக இருந்த அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக்கு வந்த கார்கள் நிற்கின்றன. வாயு பரவுவதைக் காட்ட, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் கெமிஸ்ட்ரி சார் அம்மோனியா பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியைத் திறப்பார். நெடி எட்டியவர்கள் கை தூக்க வேண்டும், முன்பெஞ்சிலிருந்து கைகள் வரிசையாக எழும்பி வரும். நிரந்தரச் சளியோடு கடைசி பெஞ்சிலிருந்த நான், பின்தங்கக் கூடாதென்று ஒருநாள் முதல் ஆளாகத் தூக்கிவிட்டேன்.

"ஏலே, நான் இன்னும் மூடியவே தொறக்கலையே!"

வகுப்பே சிரித்தது. அப்போதும் கையை இறக்கத் தோன்றவில்லை.

"வருது, லேசா வருது" என்றேன் மனைவியிடம்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சிலிண்டர் நேத்தே தீந்துபோச்சுங்க. முந்தாநாள் பால் தீஞ்சு தெருவே நாறுச்சு, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. அதான் கேட்டுப் பாத்தேன்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.